விழுந்துகொண்டே அலை எழுப்பும் விண்மீன்கள்: லைகோ-இந்தியாவின் தாமதம் ஏன் கவலை தருகிறது?

மும்பை: கோவண்டியை ஒட்டிய அணுசக்தி நகரில் இயங்கும் அணுசக்தித் துறையின் கட்டுமான, சேவை மற்றும் எஸ்டேட் மேலாண்மை இயக்குநரகத்தின் பொறுப்பில், நாட்டின் மிகப்பெரிய அறிவியல் கருவிகளில் ஒன்றின் கட்டுமானப் பணி உள்ளது. மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தின் அவுண்டாவில், தலா 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளுடன் அமையவிருக்கும் லைகோ-இந்தியா ஆய்வகமே அது. 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்துக்கு, சுமார் 2,600 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவையின் இறுதி அனுமதி 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. ஏழு ஆண்டுகள் கோப்புகளிலேயே கழிந்தன. இலக்கு 2030.

இக்கருவி தேடுவது ஈர்ப்பு அலைகளை. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்கள், உண்மையில் ஒன்றை நோக்கி ஒன்று ஓயாமல் விழுந்துகொண்டிருப்பவை. தடையின்றி விழும் பொருள் எந்த விசையையும் உணர்வதில்லை என்பது ஐன்ஸ்டீன் கோட்பாட்டின் அடித்தளம். விசையையே உணராத ஒன்று எவ்வாறு அலையை வெளியிடும் என்ற ஐயம் இயற்பியலாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. ஒரு விண்மீனை மட்டும் பார்த்தால் அதற்கு விடை கிடைக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிறை பரவியிருக்கும் விதம் கணந்தோறும் மாறுகிறது. அந்த மாற்றமே அலையாக வெளியேறுகிறது. அதற்கான ஆற்றல் சுற்றுப்பாதையிலிருந்து செல்வதால் பாதை சுருங்குகிறது. இந்தப் பின்விளைவைக் கணக்கிட்டு 1970-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்களில் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஒருவர். 1974-இல் ஹல்ஸ், டெய்லர் கண்டறிந்த இரட்டை விண்மீனின் 7.75 மணி நேரச் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோவினாடி குறைந்துவருவது, கணக்கு சரி என்பதைக் காட்டியது.

அலையைப் பிடித்தால் மட்டும் போதாது, அது வந்த திசையும் தெரிய வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது, அமெரிக்காவின் இரு லைகோ கருவிகள் சுட்டிய வான்பரப்பு 190 சதுர பாகை. இத்தாலியின் விர்கோவும் சேர்ந்ததும் அது சுமார் 30 ஆகச் சுருங்கியது. விர்கோவில் அலை மிக மெலிதாகவே பதிவானது என்பது சுவையான செய்தி. அந்த மெலிவே திசையைக் காட்டிக்கொடுத்தது. சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் மோதல் நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தைக் கண்டுவிட்டன. தொலைவில், வேறொரு கண்டத்தில் இன்னொரு கருவி இருப்பதன் பயன் இதுவே.

இந்நிலையில், இரு லைகோ ஆய்வகங்களில் ஒன்றை மட்டுமே இயக்கும் வகையில் நிதியைக் குறைக்க அமெரிக்க அரசின் 2026 நிதியாண்டுத் திட்டம் 2025 மே மாதம் முன்மொழிந்தது. அவுண்டாவில் பொருத்தப்படவுள்ள முக்கியப் பாகங்களை வழங்குவதும் அதே அமெரிக்க லைகோதான்.