இலக்கியச் சங்கம் தூதரகத்தின் பக்கத்து அறை இல்லை

ஒரு நாட்டின் இலக்கியத்துக்கென்று ஆய்வுச் சங்கம் வைத்து நடத்துறது எதுக்காக? யாரிட்டக் கேட்டாலும் முதல்ல வாற பதில், அந்த நாட்டுக்குப் பெருமை சேர்க்க என்பதுதான். ஒஸ்ரியா என்று வந்தால் இந்தப் பதில் இன்னும் சுகமாக வரும். மொசார்ட், வோல்ஸ் நடனம், வியன்னாக் கோப்பிக்கடை, பனிமலை. தூதரகத்தில இருந்து ஒருவர் வந்து நாலு வார்த்தை கதைப்பார், பிறகு எல்லாரும் வைன் குடிச்சிட்டுக் கலைவினம்.

நாங்கள் இதுக்கு நேரெதிராகத்தான் கதைக்க வாறம். ஒஸ்ரிய இலக்கியச் சங்கம் ஒன்று ஒஸ்ரியாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க வெளிக்கிட்டால், அந்த நாளே அது அந்த இலக்கியத்தைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம்.

உங்களுக்கேன் இந்த வேலை என்று கேட்கலாம். காஃப்காவையும் ஸ்வைக்கையும் தமிழில் படிச்சு வளர்ந்த ஆக்கள் நாங்கள். 'ஜேர்மன் எழுத்தாளர்' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிக்கொண்டு போனோம். ஜேர்மன் மொழியில் எழுதின ஆள் எப்ப ஒஸ்ரியர் ஆகிறார், அதை ஆர் தீர்மானிக்கிறது என்று கேட்கத் தொடங்கின பிறகுதான் இந்தச் சங்கங்களின் கதைக்குள்ளே போய் விழுந்தோம்.

அமெரிக்காவில் இருக்கிற ஒஸ்ரியக் கற்கைகள் சங்கத்தை எடுப்போம். அதன்ர வேர் 1961இல் தொடங்கின சர்வதேச ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் ஆய்வுச் சங்கம். ஒரேயொரு எழுத்தாளருக்கான சங்கம். அதன் சஞ்சிகை 1968இல் 'நவீன ஒஸ்ரிய இலக்கியம்' என்று பெயர் மாறி விரிந்தது. 2012இல் இருந்து அது 'ஒஸ்ரியக் கற்கைகள் சஞ்சிகை'. ஒரு ஆளில் தொடங்கி, ஒரு இலக்கியத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு முழுப் பண்பாட்டுக்கு வந்திருக்கினம்.

அந்த ஒரு ஆள் ஆர்? 1900இல் ஒரு லெப்டினன்டின் கோழைத்தனத்தைக் கதையாக எழுதினதுக்காக இராணுவத்தில் தன்ர அதிகாரிப் பதவியை இழந்தவர். அவருடைய 'பேராசிரியர் பெர்ன்ஹார்டி' நாடகத்தை வியன்னாத் தணிக்கை தடுத்தது. 1912இல் அது பெர்லினில்தான் மேடை ஏறினது, வியன்னாவுக்கு வர முடியாட்சி விழவேண்டி இருந்தது. அவர் 1931இல் செத்துப் போனார். 1938இல் நாசிகள் வியன்னாவுக்குள் நுழைஞ்சபோது அவருடைய கையெழுத்துப் பிரதிகள் எரியாமல் தப்பினது, அங்க படிச்சுக்கொண்டிருந்த ஒரு கேம்பிறிட்ஜ் மாணவனின் முயற்சியால். அந்தத் தாள்கள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆக, நாட்டால் தண்டிக்கப்பட்டு, அகதியாகிப் போன தாள்களின் பெயரில் பிறந்த சங்கம் இது. இந்தப் பிறப்பை மறந்துபோட்டு ஒஸ்ரியப் பெருமை கதைக்க ஏலுமா?

ஏன் இதைத் தாய்நாட்டுப் பேராசிரியர்களே செய்திருக்கக்கூடாது என்று ஒரு கேள்வி வரும். செய்தவைதான். ஜோசப் நாட்லர் என்றொரு வியன்னாப் பேராசிரியர், ஒஸ்ரிய எழுத்து முழுவதையும் ஜேர்மன் இனக்குழுக்களுக்குள்ளும் நிலப்பகுதிகளுக்குள்ளும் கரைச்சு இலக்கிய வரலாறு எழுதினவர். நாசிக் கட்சி உறுப்பினர். யுத்தம் முடிஞ்சு மூன்று வருசத்தில், 1948இல், அதே மனுசன் 'ஒஸ்ரியாவின் இலக்கிய வரலாறு' என்று புத்தகம் போட்டார். ஹைன்ஸ் கின்டர்மான் நாசிக் காலத்தில், 1943இல், வியன்னாவில் நாடகவியல் துறையைத் தொடங்கினவர். 1945இல் விலக்கினார்கள், 1954இல் திரும்ப வந்து கதிரையில் இருந்தார். 'நாங்கள் ஹிட்லரின் முதல் பலி' என்ற கதையை நாடு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாராளுமன்றத்தில் ஒரு சான்ஸலர் எழும்பி ஒஸ்ரியர்களின் பங்கை ஒப்புக்கொள்ள 1991 வரை காத்திருக்கவேண்டி வந்தது. ஆனால் எழுத்தாளர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கேல்லை.

தோமஸ் பெர்ன்ஹார்டைப் பாருங்கோ. 1988 நவம்பரில் வியன்னாவின் பெரிய அரங்கில் அவருடைய 'ஹெல்டன்பிளாட்ஸ்' மேடையேறினது. அரங்கேற முதலே ஜனாதிபதி வால்ட்ஹைம் தொடக்கம் பத்திரிகைகள் வரை கொதிச்சுப்போச்சினம். நாட்டை அவமதிச்சிட்டார் என்று சத்தம். மூன்று மாதத்தில் பெர்ன்ஹார்ட் இறந்துபோனார். உயிலில் என்ன எழுதியிருந்தார் தெரியுமோ? பதிப்புரிமை இருக்கிற காலம் முழுக்க என்ர எழுத்து எதையும் ஒஸ்ரிய மண்ணில் பதிப்பிக்கக்கூடாது, மேடையேற்றக்கூடாது என்று. பிறகு உரிமை வைச்சிருந்தவர்களே அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். அதைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம். ஆனால் இப்படி உயில் எழுதின ஆளை வைச்சுக் கருத்தரங்கு நடத்திப்போட்டு, தொடக்கவுரைக்குத் தூதுவரைக் கூப்பிடுகிற சங்கம் அந்த உயிலை ஒருக்காலாவது வாசிச்சிருக்குமா?

காசு இல்லாமல் சங்கம் நடத்த ஏலாது என்று ஒருத்தர் சொல்லுவார். உண்மை. உறுப்பினர் சந்தா, சஞ்சிகை அச்சு, வருசாந்தக் கருத்தரங்குக்கு இடம் தாற பல்கலைக்கழகம், கட்டுரைகளைச் சம்பளமில்லாமல் வாசிச்சுத் திருத்துற ஆக்கள் என்று எல்லாம் வேணும். ஒஸ்ரிய அரசு வெளிநாடுகளில் ஒஸ்ரிய நூலகங்களை நடத்துது, மொழி ஆசிரியர்களை அனுப்புது. அது நல்ல காரியம், புத்தகத்தை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் விசரர் இல்லை. ஆனால் புத்தகம் வாங்கிறது வேற, நிகழ்ச்சி நிரலை வாங்கிறது வேற. 2000ஆம் ஆண்டு சுதந்திரக் கட்சி அரசாங்கத்துக்குள் வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 நாடுகளும் ஒஸ்ரியாவோட உறவைக் குறைச்சுக்கொண்டன. அப்படியொரு வருசத்தில் உங்கட கருத்தரங்கின் செலவு முழுக்க அரசின் காசு என்றால், யெலினெக்கைப் பற்றின அமர்வை எந்த நேரத்துக்கு, எந்த அறையில போடுவீங்கள்? காசு தாறவன் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. சங்கக்காரரே முந்திக்கொண்டு அடக்கி வாசிப்பினம். அதனால்தான் சந்தாக் காசு சின்னதாக இருந்தாலும் அதுதான் சங்கத்தின் முதுகெலும்பு என்கிறம்.

அடுத்தது எல்லை. கனெட்டி பல்கேரியாவின் ரூஸெயில் பிறந்தவர். ரோத் பிறந்த புரோடியும் செலான் பிறந்த செர்னோவிட்சும் இண்டைக்கு உக்ரேனில் இருக்குது. இவர்களை எல்லாம் ஒஸ்ரிய இலக்கியம் என்று அணைச்சுக்கொள்ளச் சங்கங்களுக்குக் கஷ்டமில்லை. பழைய பேரரசின் வரைபடம் அழகானது. ஆனால் இப்ப இருக்கிற ஒஸ்ரியாவுக்குள்ளேயே, கரிந்தியாவில், ஸ்லொவேனிய மொழியில் எழுதுறவரை என்ன செய்யிறது? 1955 அரச ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு அந்த மக்களின் மொழி உரிமையை எழுத்தில் உறுதிப்படுத்தினது. 1972இல் இருமொழிப் பெயர்ப்பலகைகளை வைச்சபோது கூட்டம் கூட்டமாக வந்து பிடுங்கி எறிஞ்சினம். பெயர்ப்பலகையில் ஒரு மொழி இருக்கிறதே பொறுக்காத கோபம் எப்படியானதென்று எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே 1972இல் ஸ்லொவேனிய மொழியில் தன்ர பெரிய நாவலை வெளியிட்ட ஃப்ளோரியான் லிபுஷ்சுக்கு ஒஸ்ரியாவின் பெரிய அரச விருது கிடைச்சது 2018இல். ஜேர்மனில் எழுதாத ஒருவருக்கு அந்த இலக்கிய விருது போனது அதுதான் முதல் தடவை. ஜேர்மன் துறைகளுக்குள்ளேயே குடியிருக்கிற சங்கங்கள் தங்களைத் தாங்களே கேட்கவேண்டிய கேள்வி இது: உங்கட சஞ்சிகையில் ஸ்லொவேனிய மூலத்தை வாசிச்சு மதிப்புரை எழுத எத்தனை பேர் இருக்கினம்?

எழுத்தாளருக்கு விசுவாசம் என்கிறதைப் பக்தி என்று விளங்கிக்கொள்ளவும் வேண்டாம். லிபுஷ்சின் அதே நாவலை ஜேர்மனுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பீற்றர் ஹண்ட்கே. அந்தக் கடன் பெரிசு. அதே ஹண்ட்கே 2006இல் மிலொஷெவிச்சின் செத்தவீட்டில் போய் நின்று பேசினவர். 2019இல் நோபல் கிடைச்சபோது ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார் கேட்ட கேள்வி 'இலக்கியம் வேற, அரசியல் வேற' என்ற பதிலுக்குள் அடங்காது. எங்கட ஆளுக்கு நோபல் என்று கைதட்டி முடிக்கிறது ரசிகர் மன்றத்தின் வேலை. ரெண்டையும் ஒரே மேசையில் வைச்சுக் கதைக்க இடம் தாறதுதான் ஆய்வுச் சங்கத்தின் வேலை.

கடைசியாக ஒண்டு. இந்த மாதிரிச் சங்கங்களை எங்கேயும் நாலைஞ்சு பேர்தான் தோளில் சுமக்கினம். அவர்களை நாங்கள் மதிக்கிறம். ஆனால் ஒரே ஆக்கள் பத்திருபது வருசம் கதிரையில இருந்தால் சங்கமும் அவர்களோட சேர்ந்து வயசாகும். சொந்தக் காசில ரிக்கெற் எடுத்து வந்து, பத்துப் பேருக்கு முன்னால கட்டுரை வாசிச்சிட்டுப் போற மாணவிக்குச் செயற்குழுவில் வாக்கு வேணும், வந்துபோற செலவில் ஒரு பங்கு வேணும். கணக்கு வழக்கு உறுப்பினர் எல்லாருக்கும் தெரியவேணும். காசு எங்கிருந்து வந்தது என்பதும் அதில எழுதியிருக்கவேணும்.

இதுகளைச் செய்யிற சங்கத்துக்குத் தூதரகத்தின் அழைப்பிதழ் குறையக்கூடும். குறையட்டும். ஷ்னிட்ஸ்லரின் தாள்களை 1938இல் காப்பாற்றினது தூதரக விருந்து இல்லை, இவை எரியக்கூடாது என்று நினைச்ச ஒரு மாணவன்.