சொல்வதற்குச் சரக்கு கடையிலேயே இருக்கிறது



ஆலங்குளம் வட்டாரத்துப் பலசரக்குக் கடைகளில் இன்று வாட்ஸ்அப் இல்லாத கடை அபூர்வம். யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று கடைப் பெயரில் பிள்ளைகள் கணக்குத் தொடங்கித் தருகிறார்கள். ஆனால் அவற்றில் நாம் போடுவது என்ன? காலை வணக்கப் படம், சினிமா வசனம், பண்டிகை வாழ்த்து. பத்து நாளில் அதுவும் தீர்ந்துவிடுகிறது. "தினமும் என்னத்தைப் போட, அண்ணாச்சி?" என்று சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

இதை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. பெரிய நகரங்களில் பத்து நிமிடத்தில் மளிகையை வீட்டு வாசலில் இறக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவர்களுடைய விளம்பரச் செலவுக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் வாடிக்கையாளர் நேரில் நின்று சந்தேகம் கேட்பது நம் கடையில்தான். அந்தச் சந்தேகங்களே நம்முடைய முதல்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தார் 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். 2021-ல் அது 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் சேனல்களில் அதுவே முதலாவது. அவர்கள் காட்டியது தங்களுக்குத் தெரிந்த சமையலை. ஒவ்வொரு பொருளையும் பெயரை உரக்கச் சொல்லிப் போடுவார்கள். அந்தப் பொருள்கள் அத்தனையும் நம் கடை அலமாரியில் இருப்பவைதாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நாம் ஏன் நெய்க்கு அலைய வேண்டும்?

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

துவரம்பருப்பு ஏன் வேகவில்லை? நாட்பட்ட பருப்பாக இருக்கலாம். தண்ணீர் கடினமாக இருக்கலாம். ஊறவைத்து வேகவைத்தால் பலன் தெரியும்.

பெருங்காயம் ஏன் இந்த விலை? அதன் பால் ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020-ல்தான் நம் விஞ்ஞானிகள் அதை நட்டுப் பார்த்தார்கள். கடையில் விற்பது மாவும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பெருங்காயம்.

வெல்லம் ஏன் கறுத்திருக்கிறது? பளிச்சென்ற நிறத்துக்கு ரசாயனம் சேர்ப்பதுண்டு. கறுப்பு ஒரு குறையல்ல.

ஒவ்வொன்றும் ஒரு நிமிடப் பேச்சு. விலையேற்றமும், வரி மாற்றமும் இப்படியே. 2025 செப்டம்பர் 22-ல் குளியல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய்க்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட பொட்டலத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு விளக்கம் சொன்ன கடைக்காரர்கள் எத்தனை பேர்! அதே விளக்கத்தை ஒரு முறை பதிவு செய்து அனுப்பியிருந்தால் நேரமும் மிஞ்சும், நாணயமும் விளங்கும்.

நாள்காட்டியும் நமக்குக் கைகொடுக்கும். குற்றால சீசன், ஆடிக் கூழ், கார்த்திகை மாலை, பொங்கல் வெல்லம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு செய்தி தரும். சின்ன வெங்காயம் வரத்துக் கூடினாலும் குறைந்தாலும் அது ஒரு செய்தி.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பொருள் இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்லிவிடாதீர்கள். நாம் வைத்தியர்கள் அல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பக்கத்துக் கடையைக் குறை சொல்வதும் வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. கல்லா அருகே ஒரு சிட்டை வையுங்கள். அன்றன்றைக்கு வாடிக்கையாளர் கேட்டதை ஒரு வரி எழுதுங்கள். வாரக் கடைசியில் அதிகம் பேர் கேட்டதைப் பிள்ளையிடம் கொடுங்கள். பதிலை நீங்கள் சொல்லுங்கள், படம் அவர் எடுக்கட்டும். பேச்சு நம் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும்.

பற்று வரவை எழுதி வைத்து வளர்ந்தவர்கள் நாம். இனி கேள்வியையும் எழுதி வைப்போம். அடுத்த மாத இதழுக்குள் ஆளுக்குப் பத்துக் கேள்வி சேர்த்திருந்தால், போடுவதற்கு ஒன்றுமில்லை என்ற பேச்சே எழாது.