குச்சி காட்டுமா நீரோட்டம்?

கத்திரி வெயில் தொடங்கிக் கிணறு அடிமட்டத்துக்குப் போனதும், காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் நீரோட்டம் பார்ப்பவரைத் தேடி ஆள் போகிறது. அவர் வேப்பங்கவட்டையை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு வயலில் நடக்கிறார். சிலர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பதும் உண்டு. குச்சி சுழன்ற இடத்தில், தேங்காய் நிமிர்ந்த இடத்தில் முளை அடித்துக் கற்பூரம் ஏற்றியாகிறது. அடுத்த நாள் துளையிடும் வண்டி வந்து நிற்கிறது. தண்ணீர் வந்தால் அவர் கைராசி. வராவிட்டால் நிலத்துக்காரரின் தலைவிதி! அடகு வைத்த நகை மட்டும் திரும்புவதில்லை.

ஆகவே, குச்சி உண்மையில் நீரைக் காட்டுகிறதா என்பது வீண் விவாதம் அன்று. உழவரின் கடனோடு ஒட்டிய கேள்வி.

குச்சி ஏன் சுழல்கிறது?

நீரோட்டம் பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். குச்சி தானாகவே சுழல்வதாக அவர்கள் மனமார உணர்கிறார்கள். கவட்டையை விறைப்பாக வளைத்துப் பிடிக்கும்போது, மணிக்கட்டு இம்மியளவு அசைந்தாலும் அது சட்டென்று திரும்பிவிடும். மனம் ஒன்றை எதிர்பார்த்தால், நாம் அறியாமலே தசை அசையும் என்பதை வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1852-லேயே விளக்கினார். குச்சியைச் சுழற்றுவது நிலத்தடி நீரன்று, பிடித்தவரின் கையே.

சோதனை சொல்வது என்ன?

ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 1988 ஆண்டுகளில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். மேல்தளத்தில் குச்சியுடன் நடந்தவர்கள் குழாய் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர், 843 முறை முயன்றனர். சிலருக்குத் திறமை உண்டு என்று சோதனை நடத்தியவர்கள் முடிவு கட்டினர். ஆனால், அதே கணக்கை 1990களில் மறுபடி ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அது குருட்டு ஊகத்தைவிட மேலானதன்று என்று காட்டினார். 10 மீட்டர் நீளத்தில் எப்போதும் நடுப்புள்ளியையே சொல்லியிருந்தால் வரும் பிழையைவிட, மிகச் சிறந்தவரின் பிழை சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் குறைவு!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜெர்மன் உதவித் திட்டத்தின் கீழ் இலங்கையின் வறண்ட பகுதியில் குச்சி பார்த்து இட்ட 691 துளைகளில் 96 சதவீதம் வெற்றி என்று 1995-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஆனால், அதே நிலத்தில் குச்சியில்லாமல் வேறு துளைகள் இட்டு ஒப்பிடவில்லை. அனுபவசாலியின் கண்ணுக்குத் தெரிந்த நில அமைப்பே வழிகாட்டியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அத்தகைய ஒப்பீட்டுக்குக் கணக்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே குச்சி பார்த்து இட்ட துளைகளில் நூற்றுக்குச் சுமார் 15 வறண்டன. பார்க்காமல் இட்டவற்றில் வறண்டவை 7 மட்டுமே.

தண்ணீர் கிடைப்பது எப்படி?

'எங்கள் ஊரில் அவர் சொன்னது தவறியதே இல்லை' என்பார்கள். அது எந்த ஊர் என்று கேட்கவேண்டும். பாலாற்றங்கரை மணலில் தண்ணீர் ஓடையாக ஓடவில்லை. நனைந்த பஞ்சில் நீர் நிற்பதுபோல் பரவி நிற்கிறது. அங்கே முளையைப் பத்து அடி தள்ளி அடித்தாலும் தண்ணீர் வரும். காஞ்சி நகரத்துக்கே நெடுங்காலமாக அந்த மணலில் இறக்கிய கிணறுகள்தாம் குடிநீர் தந்துவருகின்றன.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கெட்டிப் பாறையில் கதை வேறு. அங்கே சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையோ நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, எளிதில் விடாது. வழிகாட்டி தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். குச்சி கைவிடுவதும் இங்கேதான்.

முன்னோர் குச்சியை மட்டும் நம்பவில்லை. மரம், புற்று, மண், பாறை ஆகியவற்றைக் கொண்டு நீர் அறியும் முறையை ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயமாகவே எழுதினார். அவற்றில் எல்லாம் சரியென்று சொல்ல முடியாது. ஆனால், நிலத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அதில் இருந்தது. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணறும் ஏரியுள்ள ஊரில், பாலாற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊரில் எந்தக் கிணறு எத்தனை அடி, எப்போது வற்றும் என்று அறிந்த முதியவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கலாம். அது அவர் அறிவுக்குத் தரும் மதிப்பு, குச்சிக்கு அன்று.

உழவர் செய்யவேண்டியது

துளையிடுமுன் அண்டை அயல் கிணறுகளின் ஆழத்தையும் கோடைக்கால நீர்மட்டத்தையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி, குறைந்த கட்டணத்தில் மின்தடை ஆய்வு செய்துகொள்ளலாம். நிலத்தில் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் தரும் தடையை அளந்து, சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் என்று மதிப்பிடும் முறை அது. அதுவும் தெய்வவாக்கன்று, களிமண்ணும் உப்புநீரும் அதை ஏமாற்றுவதுண்டு. ஆயினும், தவறினால் ஏன் தவறியது என்று கேட்டுத் திருத்திக்கொள்ள இடமுண்டு. குச்சியிடம் அதைக் கேட்க முடியாது.

எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருமுன்னரே முடிவு செய்துவிட வேண்டும். 'இன்னும் ஐம்பது அடி' என்ற ஆசையே பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. நீரில்லாத துளையை அன்றைக்கே மூடிவிட வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட துளையில் ஒரு குழந்தையை இழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. குச்சி சொல்வது 'இங்கே' என்பது மட்டுமே. எவ்வளவு நீர், எத்தனை ஆண்டுக்கு என்று அது சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பவை மழையும், ஏரியும், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயுமே. ஏரிகள் நிறைந்த இந்தச் சீமையில், முளை அடிக்க இடம் தேடுமுன் கால்வாயில் மண்டிய முட்செடியை வெட்டினால், புதிய துளைக்கே தேவை இராமற் போகலாம்.