பாவம் ஓரிடம், பழி ஸோன் பிளாக்கிங்கிடம்

அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களிடம் ஒரு ரெடிமேட் தீர்ப்பு இருக்கிறது. குவார்ட்டர்பேக் மல்லாக்க விழுந்தாலும் சரி, ரன்னிங் பேக் இரண்டு யார்டுகூடத் தாண்டாமல் நாலு பேருக்கு அடியில் புதைந்தாலும் சரி, முன்வரிசை ஐவரையும் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த மூச்சில் சொல்வார்கள்: "இந்த ஸோன் பிளாக்கிங்கைத் தலைமுழுகினால்தான் உருப்படுவோம்." அது சன்னமான ஆட்களுக்கான முறை, நேருக்கு நேர் மோதத் துணிவில்லாதவர்களின் முறை என்று வசவுகள் வேறு. டி.வி. வர்ணனையாளர்களும் ஒத்து ஊதுவதால் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில் அது என்னவென்று பார்த்துவிடுவோம். ஆள் பார்த்துத் தடுக்கும் முறையில், ஒவ்வொரு லைன்மேனுக்கும் எதிரணியில் இன்னார் என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள். அவரைத் தள்ளினால் இந்த இடத்தில் வழி திறக்கும், அதில் ஓடு என்பது கணக்கு. ஸோனில் குறித்துக் கொடுப்பது ஆளை அல்ல, இடத்தை. பந்து அசைந்ததும் ஐவரும் ஒரே பக்கமாக, ஒரே தாளத்தில் காலெடுத்து வைப்பார்கள். ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்குப் பக்கத்தில் கார்டு. கார்டின் நேரெதிரே ஒருவர் நிற்கிறார், சென்டரின் எதிரே யாருமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு மோதுகிறார், சென்டர் பக்கவாட்டிலிருந்து தோள் கொடுக்கிறார். இரண்டு பேருமாக அந்த ஆளை நெட்டித் தள்ளும்போதே இருவர் கண்ணும் அவருக்குப் பின்னால் நிற்கும் எதிரணி லைன்பேக்கர் மேல் இருக்க வேண்டும். லைன்பேக்கர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்தவர் கழன்றுபோய் அவரை மறிக்க வேண்டும். மற்றவர் முதல் ஆளைத் தனியாகத் தாங்க வேண்டும். பேசி முடிவெடுக்க நேரமில்லை. பின்னால் வரும் ரன்னிங் பேக் விரிசல் விழுந்த இடத்தில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, நேராக ஓட வேண்டும். தயங்கி நடனமாடினால் தொலைந்தார்.

இதில் மோதல் இல்லை என்பவர்கள் அந்த இரட்டைத் தள்ளலை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும்.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். முதல் அபத்தம் இது: மேலே சொன்னதெல்லாம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கான முறை. குவார்ட்டர்பேக் 'சாக்' ஆவதோ, அதாவது பந்தை வீசுமுன் வீழ்த்தப்படுவதோ, பாஸ் வீசும் ஆட்டத்தில். பாஸுக்கான பாதுகாப்பு தனிப் பாடம், தனி அழைப்புகள். அங்கேயும் இடம் பார்த்துக் காக்கும் வகை உண்டு. ஆனால் அதை ஆளோடு ஆள் மோதுவதில் பேர்வாங்கிய அணிகளும்தான் அன்றாடம் ஆடுகின்றன. சமையலறையில் கரண்ட் போனதற்குக் கொல்லைக் கிணற்றைக் குறை சொல்வதுபோல அல்லவா இருக்கிறது இந்த வாதம்!

கிரீன் பே பேக்கர்ஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. 2006இல் மைக் மெக்கார்த்தி தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, ஜெஃப் ஜகோட்ஸின்ஸ்கி மூலம் ஸோன் பிளாக்கிங்கும் வந்தது. 2009இல் ஏரன் ராட்ஜர்ஸ் 16 ஆட்டங்களில் 50 முறை சாக் ஆனார். அந்த அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் எட்டு முறை. அதில் ஜாரெட் ஆலன் கணக்கில் மட்டும் நாலரை. ஊரே முறையைத் தூக்கிலிடச் சொன்னது. அன்றைக்கு இடது ஓரத்தில் யார் நின்றார்? வழக்கமான டேக்கிள் சாட் கிளிஃப்டன் காயத்தால் வெளியே இருந்தார். கார்டாக ஆடிவந்த டேரின் காலெட்ஜை ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். உள்ளே ஆடுபவருக்கு இரு பக்கமும் துணை உண்டு. ஓரத்தில் ஒரு பக்கம் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் ஆலன் போன்றவர் வந்தால் எந்த முறை காப்பாற்றும்? சீசனின் நடுவே பழைய கை மார்க் டாஷர் முழங்கால் காயத்திலிருந்து திரும்பி, வலது டேக்கிள் இடத்தில் நிலைத்தபின் சாக்குகள் மளமளவென்று குறைந்தன. முறை மாறவில்லை, ஆள்தான் மாறினார். அடுத்த ஆண்டு புதிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றிலேயே பிரையன் புலாகா என்ற டேக்கிளை எடுத்தார்கள். 2010 சீசனில் ராட்ஜர்ஸ் சாக் ஆனது 31 முறை. 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என வென்று சூப்பர் பௌல் கோப்பையையும் தூக்கினார்கள். ஓட்டம் அந்த ஆண்டு சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டியவர்கள் திட்டியது ஓட்டத்துக்காக மட்டுமா?

இரண்டாவது வசவு, ஆட்களின் எடை. இதற்கு ஒரு வேர் இருக்கிறது. 90களின் டென்வர் பிராங்கோஸ் அணியில் அலெக்ஸ் கிப்ஸ் என்ற பயிற்சியாளர் வளர்த்த முன்வரிசை, சராசரி 300 பவுண்டுக்கும் குறைவு. சென்டர் டாம் நேலன் ஏழாவது சுற்றில் கிடைத்தவர். அவர்களுக்குப் பின்னால் ஓடிய டெரல் டேவிஸ் ஆறாவது சுற்றில் 196ஆவது ஆளாக வந்தவர். 1998 ஜனவரி சூப்பர் பௌலில் ஒற்றைத் தலைவலியோடு 157 யார்டு ஓடினார்; அதே ஆண்டு சீசனில் 2,008. அவர் காயம்பட்டபின் வந்த ஒலாண்டிஸ் கேரி, மைக் ஆண்டர்சன், கிளின்டன் போர்ட்டிஸ், ரூபன் ட்ரோன்ஸ் என ஒவ்வொருவரும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். "இந்த அணியில் யார் ஓடினாலும் ஆயிரம்" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. சிறிய ஆள், மலிவு விலை, பெரிய பலன்! எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? நகல் எடுக்க ஓடியவர்கள் எடையையும் விலையையும் நகலெடுத்தார்கள். கிப்ஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, கால் வைக்கும் கோணம்வரை சலிக்கச் சலிக்கப் பழக்கியதை விட்டுவிட்டார்கள். பலன் வராதபோது முறை மோசம் என்றார்கள். அதை மந்திரம் என்று கும்பிட்டவர்களும் சாபம் என்று தூற்றுபவர்களும் என் கணக்கில் ஒரே கட்சிதான்.

எடை குறைந்தவர்களை மட்டும் தேடி எடுத்தால், முட்டித் தள்ளி வருகிற ஆட்களிடம் பாஸ் பாதுகாப்பு ஆட்டம் காணும் என்பது நியாயமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆள் எடுப்பவரின் பிழை. 2014 டாலஸ் கௌபாய்ஸ் முன்வரிசையைப் பாருங்கள்: டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின் மூவரும் முதல் சுற்று ஆட்கள், மூவரும் பூதாகரமானவர்கள். அவர்கள் பெரும்பாலும் ஆடியது ஸோன்தான். பின்னால் ஓடிய டிமார்கோ மர்ரி அந்த ஆண்டு 1,845 யார்டு எடுத்து எம்மிட் ஸ்மித்தின் அணிச் சாதனையை முறியடித்தார். ஃபிலடெல்ஃபியாவின் இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா 6 அடி 8 அங்குலம், 340 பவுண்டுக்கு மேல். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிவந்தவர். அவரும் ஸோன் ஆட்டங்களில் இறங்கித்தான் ஆடுகிறார். அவரைச் சன்னமானவர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் இந்தத் தீர்ப்பு மறைக்கிறது: இன்று என்.எஃப்.எல்.லில் ஒரே முறையை மட்டும் நம்பி ஆடும் அணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஸோன், அடுத்ததில் கார்டை இழுத்து மறுபக்கம் ஓடவிடும் 'பவர்'. ரசிகர் தோற்ற ஆட்டங்களுக்கு மட்டும் ஸோன் என்று பெயர் வைத்துவிடுகிறார். கேமராவும் பந்தின் பின்னாலேயே போகிறது. ஐவர் என்ன செய்தார்கள் என்று மறுஒளிபரப்பில்கூட அரை நொடிதான் தெரியும்.

முன்வரிசைகள் மோசமாகியிருக்கின்றன என்ற புலம்பலில் உண்மை இல்லாமல் இல்லை. காரணத்தைத் தேடினால் 2011ஆம் ஆண்டு ஆட்டக்காரர்கள் சங்கமும் அணி உரிமையாளர்களும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பகுதி கிடைக்கும். முகாமில் ஒரே நாளில் இருமுறை முழுப் பயிற்சி செய்வது அதோடு ஒழிந்தது. சீசன் முழுவதற்கும் முழுக் கவசத்தோடு மோதிப் பழக 14 நாட்கள்தான். உடம்பைக் காக்க வந்த விதி, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கவசமில்லாமல் முன்வரிசை பழகுவது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்பதற்குச் சமம். கல்லூரிகளிலோ ஆட்களைப் பரப்பி நிறுத்தி, பந்தைச் சட்டென்று வீசிவிடும் ஆட்டம் பரவிவிட்டது. கையைத் தரையில் ஊன்றிப் புறப்பட்டே பழகாத லைன்மேன்கள் அங்கிருந்து வருகிறார்கள். சம்பள வரம்பு வேறு. ஐவரையும் ஐந்து வருடம் சேர்த்து வைத்திருக்க எந்த அணிக்கும் கட்டுபடியாவதில்லை.

எனவே அடுத்தமுறை குவார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வும்போது, எந்த முறை என்று கேட்பவர்கள் இரண்டு கேள்விகளை முதலில் கேட்கட்டும். அந்த ஐவரில் போன மாதமும் இதே இடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்? குவார்ட்டர்பேக் பந்தை எத்தனை நொடி கையிலேயே வைத்திருந்தார்?