கானகச் செலவும் காலமறிதலும்

மதுரையிலிருந்து தென்திசை நோக்கிப் பேருந்தில் வருவோர் கிருஷ்ணன்கோவிலைக் கடந்ததும் வலப்பக்கம் நோக்கினால், நீலத்திரை விரித்தாற்போல் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்பதைக் காண்பர். திருவில்லிபுத்தூரில் கோபுரத்தின் பின்னணியாய் நிற்கும் அம்மலை, இராசபாளையம் வரையிலும் வழித்துணையாக உடன் வருகிறது. அதைக் காணும் இளம் உள்ளங்கள், "ஒருநாள் அங்கே சென்றுவர வேண்டும்" என்று கனவு காண்பது இயற்கையே.

கனவு குற்றமன்று. ஆனால் அக்கனவை நம் இளைஞர்கள் நிறைவேற்றிக்கொள்ளும் முறைதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. முதல்நாள் இரவு விடுதி அறையில் பேச்சு எழும். மறுநாள் விடியலில் இருசக்கர வாகனங்கள் புறப்படும். வீட்டாருக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியாது, செல்லும் இடம் எத்தகையது என்பது செல்வோருக்கே தெரியாது! காட்டுக்குச் செல்ல விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும் என்பதே நம் கருத்து. அது வசதிக்காக மட்டுமன்று. காட்டுக்கும், உடன் வருவோருக்கும், பெற்றோருக்கும் நாம் செய்ய வேண்டிய கடமையுமாகும்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்று அடுத்தடுத்து வைத்துள்ளார். வினைமேற் செல்லும் வேந்தனுக்காக வகுக்கப்பட்டவையாயினும், மலைமேற் செல்லும் மாணவனுக்கும் அவை பொருந்தக் காண்கிறோம்.

இடம் அறிதல்

திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பையும், இராசபாளையத்துக்கு மேற்கேயுள்ள அய்யனார் கோயில் ஆற்றுப்பகுதியையும் நீராடி மகிழும் இடங்களாகவே பலரும் அறிவர். அவற்றை ஒட்டிய மலைக்காடு 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அச்சரணாலயம், 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேகமலைக் காடுகளுடன் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது காப்பகம் அது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் அதில் அடங்கும்.

சரணாலயத்துக்குப் பெயர் தந்த மலை அணில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. மரக்கிளைகளில் கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிப்பது. தரையில் இறங்குவது அரிது. கிளைகள் தொடர்ந்திருந்தால்தான் அதற்கு வழியுண்டு. அதன் வீட்டுக்குள் நாம் விருந்தினராக நுழைகிறோம். விருந்தினர் சொல்லாமல் வருவதும், பாட்டுப் பெட்டியை அலறவிடுவதும், நெகிழிக் குப்பையை எறிந்து செல்வதும் பண்பாகுமா? எவ்வழி திறந்தது, எவ்வழி மூடப்பட்டது என்பதை வனத்துறையிடம் கேட்டறிந்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே பயணத்தை உறுதி செய்தல் வேண்டும்.

காலம் அறிதல்

காட்டுக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. இம்மலையின் கீழைச்சரிவு பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவில் அமைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு முதன்மையானது. அப்போது ஓடைகள் பெருகும். மாசி பிறந்தால் புல் காய்ந்து காட்டுத்தீயின் அச்சம் தொடங்கும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை நோக்கி மக்கள் வெள்ளம் திரளும். கோடைக்காலம் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடலாகாது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், சதுரகிரி ஓடையில் திடீரெனப் பெருகிய வெள்ளம் வழிபாட்டுக்குச் சென்றோர் உயிர்களைக் கவர்ந்தது. மழை மேலே பெய்ய, கீழே நிற்பவர் அதை அறியாதிருப்பதே மலை ஓடைகளின் இயல்பு.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், மழை ஓய்ந்து பசுமை மாறாதிருக்கும் தை மாதமே இம்மலைக்கு ஏற்ற காலம் என்பது புலனாகும். ஆனால் தையில் செல்ல விரும்புவோர் ஆவணியிலேயே எண்ணத் தொடங்க வேண்டும். தேர்வு நாட்களையும், ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து வரும் நோன்பு மாதத்தையும் கணக்கிட வேண்டும். தொலைவிலிருந்து தொடர்வண்டியில் வருவோர்க்கு, 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டுப் பதிவு தொடங்குகிறது. பொங்கல் காலத்து இடங்கள் தீர்ந்துபோகும் வேகத்தை அனைவரும் அறிவோம்.

வலி அறிதல்

2018 மார்ச் 11ஆம் நாளைத் தமிழகம் மறக்கவியலாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் வயதினர். பெற்றோரின் நெஞ்சில் அன்று விழுந்த தழல் இன்னும் ஆறியிருக்காது. அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைவழிகளைத் தெரிவுசெய்து, எளியவை, இடைநிலை, கடினமானவை எனத் தரம்பிரித்து, முன்பதிவும் வழிகாட்டியும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. தன் உடல் எதைத் தாங்கும் என்பதை அறிந்து வழியைத் தெரிவதற்கு இத்தரப்பிரிவு துணைசெய்யும். நாள்தோறும் ஒரு மணிநேரம் நடந்து பழகாதவர் ஒரே நாளில் மலைமுகட்டை எட்ட முயல்வது பேதைமை.

இங்கே நம் குறையையும் மறைக்காமல் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அய்யனார் கோயில் ஆற்றுக்குப் புறப்பட்டோம். முன்னிரவில் மலைமேல் பெய்த மழையால் ஆற்றில் நீர்வரத்து மிகுந்திருந்தது; வழியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினர். அப்போது நமக்குச் சினமே வந்தது. மாந்தோப்பு நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு கொண்டிருக்கையில், பளியர் குலத்துப் பெரியவர் ஒருவர், "தண்ணி நிறம் மாறிச்சுன்னா நாங்களே இறங்க மாட்டோம்யா" என்றார். பட்டம் பல பெற்ற நாம் அறியாததை, தேனெடுத்து வாழும் அவர் அறிந்திருந்தார். ஒரு நாள் முன்னதாக ஒருவரைக் கேட்டிருந்தால் அறிந்திருக்கலாமே என்ற நாணம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

மறுப்பும் விடையும்

"எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்துவிட்டால் இன்பம் ஏது?" என வினவுவோர் உளர். பெரு நாட்டின் இன்கா மலைவழியில் சுமைதூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. உலகெங்குமிருந்து வருவோர் மாதக்கணக்கில் முன்பே பதிவுசெய்து காத்திருக்கின்றனர். அக்காத்திருப்பால் அவர்தம் இன்பம் குறைந்ததாகத் தெரியவில்லை. நிலப்படத்தை விரித்துப் பார்ப்பதும், பறவைகளின் பெயர்களைக் கற்பதும், நாள் எண்ணுவதும் பயணத்தின் பகுதிகளே. ஒருநாள் இன்பம் ஆறுமாத இன்பமாக வளர்கிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. இரவில் முடிவெடுத்து விடியலில் புறப்படும் பயணங்களில் மாணவியர்க்கு இடமில்லை. எங்கே, எப்போது, யாருடன், எப்போது திரும்புவர் என்ற வினாக்களுக்கு விடை தெரிந்தால், எந்தத் தந்தை மறுப்பார்? திட்டமிட்ட பயணமே நம் பெண்மக்களுக்கும் மலையின் கதவைத் திறக்கும். சமுதாயப் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஆசிரியரும் மாணவரும் கூடி, அவ்வாண்டுக்குரிய ஒரு கானகப் பயணத்தை வகுக்கட்டும். சிறு தொகையை மாதந்தோறும் சேர்க்கட்டும். வசதியற்ற மாணவரின் பங்கை முன்னாள் மாணவர் ஏற்கட்டும். குறிஞ்சித் திணையை வகுப்பறையில் நடத்தும் நாம், அதன் முதற்பொருளான நிலத்தையும் பொழுதையும் மாணவர் நேரில் காணச் செய்யலாம்.

மலை எங்கும் போய்விடாது. அடுத்த தையிலும் அங்கேயே நிற்கும். சென்ற பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்ப வேண்டும். அவர்கள் சென்று வந்த சுவடு தெரியாமல் அணில் தன் கிளையில் தாவ வேண்டும். அத்தகைய பயணத்துக்கு இன்றே நாள் குறிப்போம்.