பத்து யூனிட்டுக்கு 305 ரூபாயா?

"உங்களுக்கு 1,725 ரூபாய், எங்களுக்கு மட்டும் 2,030 ரூபாயா? அளவு எடுக்க வந்தவரைக் கையில் போட்டுக் கொண்டீர்களா, அக்கா?"

2022 கடைசியில் சாணார்பட்டியில் அடுத்தடுத்த வீட்டார் மின்சாரக் கட்டணத்துக்காக இப்படிச் சண்டை போட்டிருந்தால் வியப்பில்லை.

ஆனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட். மற்றொரு வீட்டில் 510. அவ்வளவுதான்!

அந்த ஆண்டு செப்டம்பரில் புதுக் கட்டணம் வந்தது. 500 யூனிட் வரை செலவழித்தால், முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்குச் சலுகை விலை, யூனிட் 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். யூனிட் 4 ரூபாய் 50 காசு! அதில் ஏறியது 225 ரூபாய். கூடுதலான 10 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 80 ரூபாய். மொத்தம் 305 ரூபாய்.

75 வாட் மின்விசிறி ஐந்தரை நாள் ஓயாமல் சுற்றினாலே 10 யூனிட் ஆகிவிடும்.

அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுப்பது நியாயமே. ஆனால் காரணம் சொல்லாமல் வாங்குவது நியாயமா? அட்டையில் வெறும் தொகையை எழுதினால் ஏழைக் குடும்பத்துக்கு என்ன விளங்கும்? "சலுகை நீங்கியது" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் மின்வாரியத்துக்கு என்ன நஷ்டம்?

அதன்பின் கட்டணம் உயர்ந்தது. கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் மாறவில்லை. அதைப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டாம். மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்!