நல்ல காரியத்துக்குத்தான்... ஆனா 100 ரூபாய் கூப்பன் அடிக்கலாமா? ஓசூர் பார்டர் குலுக்கல் கணக்கு!

'கூப்பன் 100 ரூபாய் மட்டுமே. முதல் பரிசு புது பைக், ரெண்டாம் பரிசு ஸ்மார்ட் டிவி, ஆறுதல் பரிசு 10 பேருக்கு குக்கர். வசூலாகும் தொகை முழுவதும் குழந்தையின் ஆபரேஷனுக்கு.' கீழே ஒரு க்யூஆர் கோடு, ஒரு போன் நம்பர், ரெண்டு கும்பிடு எமோஜி.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த மாடல் ஃபார்வர்டு புதுசில்லை. அனுப்புறவரும் முகம் தெரியாத ஆளா இருக்க மாட்டார். சிப்காட்ல நம்மகூட ஷிஃப்ட் பார்க்கிற அண்ணன், ஏரியா இளைஞர் மன்றத்துத் தம்பி, ரத்ததான குரூப் அட்மின்னு தெரிஞ்ச முகம்தான். அதனால யோசிக்காம ஜிபே பண்ணிட்டு, நாமளும் நாலு குரூப்ல தட்டிவிடுவோம்.

இது சட்டப்படி சரியா? நேரடியா சொல்லிடலாம்: இல்லை. 'எங்களுடையது பதிவுபெற்ற டிரஸ்ட்', '80ஜி இருக்கு', 'ஒரு பைசாகூட நாங்க எடுக்கலை' என்ற எதுவும் இந்தப் பதிலை மாத்தாது.

ஏன்னா, சட்டம் பார்க்கிறது உங்க மனசை இல்லை, சீட்டை. காசு கொடுத்து ஒரு சீட்டு வாங்கணும், யாருக்குக் கிடைக்கும்னு அதிர்ஷ்டம் முடிவு பண்ணணும், கிடைச்சவருக்கு ஒரு பரிசு போகணும். இந்த மூணும் ஒண்ணா வந்தா அது லாட்டரி. 'லக்கி டிரா', 'நன்கொடைக் கூப்பன்', 'ஆதரவுச் சீட்டு', 'குடும்ப விழா குலுக்கல்' என்று எந்தப் பேர் வெச்சாலும் அதுதான். 1998-ம் ஆண்டு மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் லாட்டரிக்குக் கொடுக்கிற விளக்கத்துலயே, எந்த வடிவத்தில் இருந்தாலும் எந்தப் பெயரில் அழைத்தாலும் என்ற பொருளில் வார்த்தைகள் இருக்கு. பேரை மாத்தித் தப்பிப்பாங்கன்னு எழுதினவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!

அந்தச் சட்டம் மாநில அரசுகள் நடத்துற லாட்டரிக்கானது. தனியார் நடத்தினா? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவு இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ-வா இருந்ததுதான். மாநில லாட்டரியாகவோ, மாநில அரசு அனுமதித்த லாட்டரியாகவோ இல்லாத ஒன்றைக் குலுக்குவதற்கு இடம் வெச்சு நடத்தினா 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். அதுக்கு விளம்பரம் போட்டா 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இது 1,000 ரூபாயா இருந்தது. போஸ்டர் டிசைன் பண்ணி ஸ்டேட்டஸ் வைக்கிற தம்பிகள் கவனிக்க வேண்டிய வரி இது. குலுக்கல் நடக்கிற மேடைப் பக்கமே நீங்க போகாம இருக்கலாம். போஸ்ட் உங்க பேர்லதானே இருக்கும்?

'மாசம் 500 ரூபாய் கட்டுங்க, மாசாமாசம் ஒரு அதிர்ஷ்டசாலிக்குப் பரிசு' என்ற மாடல் இன்னும் சிக்கல். அது 1978-ம் ஆண்டு பரிசுச் சீட்டுகள் தடைச் சட்டத்துக்குள்ள போயிடும். தண்டனை 3 ஆண்டு வரை. சுவாரஸ்யம் என்னன்னா, இந்தச் சட்டத்தில்தான் தொண்டு நிறுவனங்களுக்குன்னு ஒரு சின்னக் கதவும் இருக்கு. ரிசர்வ் வங்கியைக் கலந்துகிட்டு மாநில அரசு அறிவிக்கை செய்த அறக்கட்டளைக்கோ கல்வி நிறுவனத்துக்கோ விலக்கு உண்டு. ஆனா அந்தக் கதவைத் திறக்கிற சாவி கோட்டையில இருக்கு. ஸ்டேஷன்ல கொடுக்கிற மனுவோ, 'இன்ஸ்பெக்டர் சார்கிட்ட வாயால சொல்லிட்டோம்' என்பதோ, விழாவுக்கு எம்.எல்.ஏ தலைமை தாங்குறதோ அந்த அறிவிக்கைக்குச் சமமாகாது.

பிஸ்கட் பாக்கெட் சொல்லும் பாடம்

பிரபல கம்பெனிகளோட 'வாங்குங்க, கார் வெல்லுங்க' ஆஃபர் விளம்பரங்களில் கடைசி வரியைப் படிச்சிருக்கீங்களா? பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியும் சைஸ்ல, தமிழ்நாட்டுக்கு இந்த ஆஃபர் பொருந்தாதுன்னு இருக்கும். பலர் இதை ஏதோ கம்பெனிக்காரங்க நம்மை ஓரங்கட்டுறதா நினைக்கிறாங்க. உண்மையான காரணம் 1979-ம் ஆண்டு தமிழ்நாடு பரிசுத் திட்டத் தடைச் சட்டம். பொருள் வாங்கினவங்களுக்குள்ள குலுக்கல் போட்டுப் பரிசு கொடுக்கிறதை அது தடுக்குது.

இந்தச் சட்டத்தோட எல்லைக்கோட்டை காலால தொட்டுப் பார்க்கணும்னா ஓசூர்தான் சரியான இடம். ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி; ஓசூர்ல இருந்து 10 கிலோமீட்டர்கூட இல்லை. அதே பாக்கெட்டை அத்திப்பள்ளி கடையில் வாங்கினா குலுக்கல்ல நீங்க இருப்பீங்க. ஓசூர் பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்கினா இருக்க மாட்டீங்க. பிஸ்கட் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே ருசி!

பார்டர் ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது எந்தப் பக்கம் சல்லிசு, எது எந்தப் பக்கம் ஈஸின்னு மனசுக்குள்ள கணக்கு ஓடிட்டே இருக்கும். அந்தப் பழக்கத்துல, 'குலுக்கலை மட்டும் அத்திப்பள்ளி மண்டபத்துல வெச்சுக்கலாம்ணே, அது கர்நாடகா' என்று யாராவது ஐடியா கொடுப்பாங்க. வேலைக்கு ஆகாது. 297-வது பிரிவு ரெண்டு மாநிலத்துக்கும் பொது. கர்நாடகாவும் 2007 ஏப்ரல்ல லாட்டரியை மூடிடுச்சு. தமிழ்நாடு மூடினது 2003 ஜனவரி. நடுவில் அந்த நாலு வருஷம் மட்டும்தான், ஒரே நெடுஞ்சாலையில் இந்தப் பக்கம் டிக்கெட் விற்றால் வழக்கு, அந்தப் பக்கம் விற்றால் வியாபாரம் என்ற நிலை இருந்தது. அந்தக் காலம் முடிஞ்சு ரொம்ப வருஷமாச்சு.

தடை போட்டது யார், விற்றது யார்?

'அரசாங்கமே வித்ததுதானே, நாங்க நல்ல காரியத்துக்குப் பண்ணினா மட்டும் தப்பா?' என்று கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்விதான். 1968-ல் அண்ணா முதல்வரா இருந்தப்போ தமிழக அரசு பரிசுச் சீட்டு தொடங்கினது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற கோஷத்தை உங்க தாத்தாகிட்ட கேட்டா இன்னிக்கும் சொல்வார். கொஞ்சம் நின்னு யோசிச்சா, இன்னிக்கு வர்ற தொண்டுக் கூப்பன் ஃபார்வர்டு சொல்றதும் இதே வரிதான்: விழுந்தா பைக், விழலைன்னா புண்ணியம். தோக்கிறவருக்கும் ஒரு திருப்தி கொடுத்துட்டா, அவர் அடுத்த சீட்டையும் வாங்குவார். கலைஞர் 1975-ல் அதை நிறுத்தினார். பிறகு திரும்ப வந்து, வெளிமாநில டிக்கெட்டுகளும் சேர்ந்து தெருவுக்குத் தெரு கடையாகி, 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் மொத்தமா தடையாச்சு.

தடைக்குப் பிறகு மறைஞ்சுதா? மூணு நம்பர் லாட்டரி என்ற பேர்ல செல்போனுக்குள்ள போச்சு. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் மூணு நம்பர் லாட்டரியில் கடனாளியான நகைத் தொழிலாளி ஒருவர், மனைவி, மூணு சின்னப் பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே இல்லாமல் போனது. அதுக்கு முன்னாடி அவர் பேசின வீடியோ தமிழ்நாடு முழுக்க போனில் சுற்றியது. இந்த விஷயத்தில் போலீஸ் ஏன் சிரிச்சுட்டு விட்டுட மாட்டாங்க என்பதற்கு வேற விளக்கம் தேவையில்லை.

கேரளாவைப் பாருங்கன்னு சொல்றவங்களுக்கு: அங்கே 1967-ல் லாட்டரித் துறை தொடங்கினதிலிருந்து விற்கிறது அரசு. 2011-ல் வந்த 'காருண்யா' லாட்டரி, ஏழை நோயாளிகளோட சிகிச்சைக்குப் பணம் திரட்டவே தொடங்கப்பட்டது. தொண்டு லாட்டரிக்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஆனா அதே கேரளாவில், கடனை அடைக்கத் தன் வீட்டையே கூப்பன் போட்டுக் குலுக்கப் பார்த்தவங்களை லாட்டரித் துறை தடுத்திருக்கு. அரசுக்கு மட்டும்தான் உரிமை.

அப்போ லண்டன்லயும் டொரண்டோவிலும் தமிழ்ச் சங்க விழாவில் ராஃபிள் டிக்கெட் விக்கிறாங்களே? விக்கலாம், அங்கே அதுக்குச் சட்டம் இருக்கு. பிரிட்டனில் ஒரு சிறிய சங்கம் உள்ளூர் கவுன்சிலில் பதிவு பண்ணிட்டு சீட்டு விற்கலாம். வசூலில் குறைஞ்சது 20 சதவிகிதம் நற்காரியத்துக்குப் போகணும், வருஷத்துக்கு இரண்டரை லட்சம் பவுண்டுதான் உச்சவரம்பு, 16 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு விற்கக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோவில் மொத்தப் பரிசு 50,000 டாலருக்குள்ள இருந்தா நகராட்சியே உரிமம் கொடுக்கும். என்னைக் கேட்டா, இதில் முக்கியமான விஷயம் அனுமதி இல்லை, கணக்கு. பிரிட்டன் சங்கம் குலுக்கல் முடிஞ்ச 3 மாதத்துக்குள்ள எவ்வளவு வந்தது, பரிசுக்கு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்கணும். நம்ம வாட்ஸ்அப் குலுக்கலில் அந்தக் கணக்கைக் கேட்க யாருமே இல்லை. அப்படிக் கேட்கிற ஓர் அலுவலகம் வராத வரைக்கும், இங்கே தடையைத் தளர்த்துறது நல்லதில்லைன்னுதான் நினைக்கிறேன்.

'முழுத் தொகையும்' எங்கே போகுது?

அந்தக் கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 2,000 கூப்பன் அடிக்கிறீங்க. எல்லாமே வித்துடுச்சுன்னு வைங்க, 2 லட்சம் ரூபாய். பைக் ரோட்டுக்கு வர 1,10,000. டிவி 20,000. குக்கர் 10 வாங்க 15,000. அச்சு, பேனர், மைக் செட் 5,000. மிச்சம் 50,000. அதாவது நீங்க கொடுத்த 100 ரூபாயில் குழந்தைக்குப் போறது 25 ரூபாய். கூப்பன் பாதிதான் வித்துதுன்னா, பைக் வாங்கவே காசு பத்தாது. அப்போ குலுக்கலைத் தள்ளிவைப்பாங்க. குரூப்ல 'டிரா எப்போ ப்ரோ?' என்று கேள்வி வரும். அட்மின் குரூப்பை 'அட்மின் ஒன்லி' ஆக்குவார். இந்தக் கதை எங்கே போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

பைக் விழுந்தவருக்கும் ஒரு ஷாக் உண்டு. குலுக்கல் பரிசுக்கு வருமான வரி 30 சதவிகிதம். பரிசு பொருளா இருந்தா, வரி கட்டியாச்சான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கொடுக்கணும். 1,10,000 ரூபாய் பைக்குக்கு 33,000 ரூபாய். கூப்பன் வாங்கினவருக்கு 80ஜி ரசீதும் கிடைக்காது. பதிலுக்கு ஒரு வாய்ப்பை வாங்கிட்டீங்க, அதனால அது நன்கொடை இல்லை, விலை.

காசு விழுற அக்கவுன்ட் யாரோடது என்பது இன்னொரு தலைவலி. டிரஸ்ட்டுக்கு அக்கவுன்ட் இல்லாததால, 'உன் நம்பரைப் போட்டுக்கலாம்டா தம்பி' என்று வேலைக்குப் புதுசா சேர்ந்த ஒருத்தனோட ஜிபே நம்பரைப் போடுவாங்க. ஏமாந்ததா நினைக்கிற ஒருத்தர் 1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுத்தா, முடக்கப்படுறது அவனோட சம்பள அக்கவுன்ட்டா இருக்கலாம். அதுல அந்த மாச வாடகையும் இருக்கும்.

அப்போ எப்படித்தான் பணம் திரட்டுறது?

அதிர்ஷ்டத்தை எடுத்துட்டா பிரச்னையே தீர்ந்துடும். நம்ம ஊர்லயே அதுக்கு வழி இருக்கு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து மொய் விருந்தை எடுத்துக்கோங்க. 2024 வயநாடு நிலச்சரிவுக்கு நிதி திரட்ட, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணி ஹோட்டல் அதைத்தான் பண்ணாங்க. சாப்பிடுங்க, இலைக்குக் கீழே முடிஞ்சதை வைங்க. அதே வயநாட்டுக்காக கேரள இளைஞர்கள் 'பிரியாணி சேலஞ்ச்' நடத்தினாங்க. பொட்டலம் வித்து, லாபத்தைக் கொடுத்தாங்க. வாங்கின எல்லாருக்கும் பிரியாணி கிடைச்சுது.

ஏலமும் ஒரு நல்ல வழி. ஹைதராபாத் பாலாப்பூரில் விநாயகர் கை லட்டு 1994-ல் 450 ரூபாய்க்குப் போச்சு. 2024-ல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய். யார் அதிகம் கேட்கிறாங்களோ அவங்களுக்கு. அங்கே குலுக்கல் இல்லை, தோத்தவர் காசு இழக்கிறதும் இல்லை. உங்க இளைஞர் மன்றத்துக்கு யாராவது பைக்கே இலவசமா கொடுத்தா, அதைக் குலுக்காம ஏலம் விடுங்க. முழுத் தொகையும் குழந்தைக்குன்னு அப்போ தைரியமா சொல்லலாம்.

கூப்பன் ஏற்கெனவே வித்தாச்சுன்னா, விற்பனையை இன்னிக்கே நிறுத்துங்க. போஸ்டரை எல்லா குரூப்லயும் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்க முடிஞ்சா கொடுங்க. எந்த நம்பரிலிருந்து பணம் வந்ததோ அதே நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க. கூடவே, 'குலுக்கல் ரத்து. உதவ விரும்பினால் இந்த மருத்துவமனைக் கணக்குக்கு நேரடியாக அனுப்பலாம்' என்று ஒரு மெசேஜ். பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா ஷோரூம்ல ரசீதோட போய்க் கேளுங்க. திருப்பிக் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்களை ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுக்கோங்க. ஒரு வக்கீலைப் பார்த்துட்டு, பிறகு மொய் விருந்துக்கு அரிசிக் கணக்குப் போட ஆரம்பிக்கலாம்.